நூற்றெண்பத்து நான்காம் பாட்டு

மாங்கோட்டுவிளைக் கோயிலில் பிரசங்கம் அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் ஒருமுறை, புதிதாக வந்த போதகர் பதினொரு நிமிடத்தில் ஆமென் சொல்லி இறங்கிவிட்டபோது, ஆண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சிலிருந்த சுந்தர்சிங்கும் ஐந்தாம் பெஞ்சிலிருந்த டைட்டஸும் ஆராதனை முடிந்ததும் நேராக அவரிடம் போய், "அய்யா, ஜனத்துக்கு வசனம் போதல்ல" என்று முறையிட்டார்கள். போதகர் உருகிப்போனார். அடுத்த ஞாயிறு முதல் ஐம்பது நிமிடம். அந்த இருவர் காதிலும் ஒரு வசனம்கூட விழுந்ததில்லை என்பது, அவர் மாற்றலாகிப் போகும்வரை அவருக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். பீடத்துக்கு வலப்பக்கம் ஒரு மரப்பலகை தொங்கும். அன்றைக்குப் பாட வேண்டிய பாட்டுகளின் எண்ணை, மணியடிக்கிற செல்வன் தகரத்துண்டுகளில் கோத்து அதில் மாட்டிவைப்பான். முதல் பாட்டின் எண்ணையும் இரண்டாம் பாட்டின் எண்ணையும் மனசுக்குள்ளேயே பெருக்க வேண்டும். தாளில் எழுதக் கூடாது, விரலை மடக்கக் கூடாது, உதடு அசையலாம். உதடு அசைந்தால் ஜெபம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பிரசங்கம் முடிவதற்குள் விடை வர வேண்டும். வெளியே வந்து அயனி மரத்தடியில் நின்று இருவரும் விடையைச் சொல்வார்கள். நாற்பத்திரண்டு வருஷமாக நடக்கிறது.

சுந்தர்சிங் இந்தப் பழக்கத்தைப் பிடித்தது ரப்பர்க் காட்டில். பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் அவர் பால்வெட்டுக்குப் போன காலம். கிழக்கு வெளுக்கும் முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு முன்னூறு மரம் வெட்ட வேண்டும். கை தன்பாட்டுக்குப் பட்டையைச் சீவும், பால் சிரட்டையில் சொட்டும். மனசுக்கு மட்டும் வேலை கிடையாது. அதற்கு வேலை கொடுக்கத்தான் பெருக்கல். ஒருநாள் நாலு இலக்கத்தை நாலு இலக்கத்தால் பெருக்கிக்கொண்டே நடந்தபோது எதிரே ஒற்றைக் கொம்பன் நின்றதாகவும், 'கொஞ்சம் பொறு, கையில எட்டு இருக்கு' என்று அவர் சொன்னதாகவும், விடை வரும்வரை யானை காதைக்கூட ஆட்டாமல் நின்றுவிட்டு அப்புறம்தான் துரத்தியதாகவும் அவர் சொல்வார். யானைக்கு அதுதான் மரியாதை என்பார்.

பெண்கள் பக்கம் நாலாம் பெஞ்சின் ஓரத்தில் நேசம்மாள் இருப்பாள். சுந்தர்சிங்கின் மனைவி. கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே புருஷனின் உதட்டைப் பார்த்து இது ஜெபமில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை அவளும் சேர்ந்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

அவளுடைய கை வேறு மாதிரி. அவர் பெருக்குவார், அவள் பிரிப்பாள். அவள் பிறந்த வீட்டில் எட்டுப் பிள்ளைகள். பலாச்சக்கை வெட்டினால் சுளையை எண்ணிப் பங்கு வைப்பது அவள் பொறுப்பு. தொண்ணூற்றொரு சுளை என்றால் எட்டுக்குப் போகாது, மூணு மிச்சம். அப்பாவையும் அம்மாவையும் சேர்த்தாலும் பத்துக்கு ஒண்ணு மிச்சம். வேலிக்கு அந்தப்பக்கத்து வீட்டில் மூணு பேரைக் கூப்பிட்டால் பதிமூணு பேர், ஆளுக்கு ஏழு, சண்டையில்லை. அப்படிச் சண்டையில்லாத எண்ணைத் தேடித் தேடி, எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எதற்கு எதற்குப் பிரியும் என்று பார்க்காமல் இருக்க முடியாமல் போயிற்று. குலசேகரம் பஸ்சின் நம்பரைப் பார்த்தால் அவளுக்கு அது சுளை சுளையாகத்தான் தெரியும்.

இந்த வருஷம் ஏப்ரல் மாதம் பெங்களூரிலிருந்து மகள் ஜாஸ்மி லீவில் வந்தாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வந்த மூன்றாம் நாள், இப்போது சொந்தமாக இருக்கிற நூற்றெண்பது மரத்தில் வெட்டிய பாலை உறையவைக்க சுந்தர்சிங் ஆசிட் ஊற்றினார். வெற்றிலை போட்டார். மறுபடியும் ஊற்றினார். பால் டிஷ்ஷில் ஊற்றுவதற்குள் வாளியிலேயே உறைந்து கல்லாகிவிட்டது. அதே வாரம் குலசேகரத்துக்கு ஸ்கூட்டரில் போய், பஸ்சில் திரும்பி வந்து, 'எனக்க ஸ்கூட்டரை எவனோ களவாண்டுட்டான்' என்று செல்வனைச் சந்தேகப்பட்டார்.

ஜாஸ்மி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அப்பா, ரெண்டு பேரும் எங்கூட வந்திருங்க. இஞ்ச தனியா வச்சுக்கிட்டு எனக்கு அங்க டூட்டி பாக்க முடியல்ல."

"எதுக்கு மோளே? எனக்கு மூளை போச்சுண்ணு சொல்லுதியா?"

"நான் அப்பிடிச் சொன்னனா?"

"சொல்லாம சொல்லுத. செரி, ஒரு பேச்சு பேசுவோம். எண்ணைக்கு கோயில்ல எனக்க கணக்கு தெற்றுதோ, அண்ணைக்கு நானே பெட்டியைத் தூக்கிட்டு ரயில் ஏறுதேன். அதுவரைக்கும் வாயைத் திறக்கப்படாது."

"ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு விளிப்பேன். நம்பரைச் சொல்லணும், விடையைச் சொல்லணும். நான் போன்ல போட்டுப் பாப்பேன்."

"போட்டுப் பாரு. போனு தெற்றும், நான் தெற்றமாட்டேன்."

போனில் பேசினால் சுந்தர்சிங்குக்குக் காது சரியாகக் கேட்காது. அதனால் ஞாயிறுதோறும் நேசம்மாள்தான் எண்ணையும் விடையையும் மகளுக்குச் சொன்னாள். மே மாதம் ஒரு ஞாயிறு 287-ம் 313-ம் வந்தது. மரத்தடியில் சுந்தர்சிங் நெஞ்சை நிமிர்த்தி, "ரெண்டும் முன்னூறுக்கு அந்தாண்டயும் இந்தாண்டயும் பதிமூணு. முன்னூறை முன்னூறால பெருக்கு, பதிமூணைப் பதிமூணால பெருக்கிக் கழி. 89,831. இதுக்கு எதுக்குவே பிரசங்கம், ஒரு தும்மல் போதும்" என்றார். ஜாஸ்மி போட்டுப் பார்த்தாள். சரி. அடுத்த வாரமும் சரி. ஜூன் முழுக்கச் சரி.

ஜூலை முதல் ஞாயிறு. மழை விட்டபாடில்லை. பத்து நாளாக வெட்டு இல்லை. மரமெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டிக்கொண்டு சும்மா நின்றன. பலகையில் 124, 236. நேசம்மாள் முதல் ஜெபத்துக்குள்ளேயே முடித்துவிட்டாள். 236 நூறு தடவை 23,600. இருபத்திநாலு தடவை 5,664. கூட்டினால் 29,264. அப்புறம் அவள் பிரசங்கம் கேட்டாள். அந்தக் கோயிலில் இரண்டையும் செய்கிறவள் அவள் ஒருத்திதான்.

மரத்தடியில் குடைக்குள் நின்றுகொண்டு சுந்தர்சிங் சொன்னார்: "29,624."

டைட்டஸ் குடையின் கம்பியைப் பார்த்தார். பிறகு, "அதே" என்றார்.

"ஒம்பதைத் தள்ளியும் பாத்தாச்சு. அங்கயும் அஞ்சு, இஞ்சயும் அஞ்சு."

நேசம்மாளுக்குக் கால் சேற்றில் ஒரு விரற்கடை இறங்கியது. ஒன்பதைத் தள்ளிப் பார்ப்பது அவருடைய சோதனை. எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதை எறிந்துவிட்டு மிச்சத்தை ஒத்துப்பார்ப்பது. நல்ல சோதனைதான். ஆனால் இரண்டு இலக்கம் இடம் மாறி உட்கார்ந்தால் அதற்குத் தெரியாது. கூட்டினால் அதே கூட்டுத்தொகை. ஆறும் இரண்டும் இடம் மாறியிருந்தன. நாற்பத்திரண்டு வருஷத்தில் அவர் தெற்றியது ஒரே ஒருமுறை, ஜாஸ்மி பிறந்த வாரம். அன்றைக்கு அவரே கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொண்டார். இன்றைக்கு அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் முன்னே, அவள் பின்னே. பெங்களூரில் ஜாஸ்மிக்கு இருப்பது ஏழாவது மாடியில் இரண்டு அறை. அங்கே இவர் விடியற்காலை எழுந்து எந்த மரத்தைத் தேடுவார்? இந்த வெட்டுப்பாதை அவர் காலுக்குத் தெரியும். தலை மறந்தாலும் கால் கொண்டுவந்து விட்டுவிடும். அங்கே காலுக்கு ஒன்றும் தெரியாது. நேசம்மாள் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்து அடுப்பில் ஏற்றினாள். மணி பன்னிரண்டே கால். சாளை மீனைக் கழுவிக்கொண்டே 29,624 என்ற எண்ணைக் கையில் எடுத்தாள்.

பாதி 14,812. அதில் பாதி 7,406. அதில் பாதி 3,703. இதற்கு மேல் இரண்டுக்குப் போகாது. மூணுக்குப் போகாது. ஏழுக்குப் போகும்: 529. அவள் மீன் செதிளைச் சுரண்டுவதை நிறுத்தினாள். 529 என்றால் இருபத்துமூணு இருபத்துமூணு. இனி சேர்த்துக் கட்ட வேண்டியதுதான். ஏழு இருபத்துமூணு 161. எட்டு இருபத்துமூணு 184. இரண்டும் பாட்டுப் புத்தகத்துக்குள் அடங்குகிற எண்.

ஒரு மணிக்குப் போன் வந்தது.

"என்ன நம்பரும்மா?"

"161, 184."

"அப்பா என்ன சொன்னாவ?"

"29,624."

அவள் போட்டுப் பார்த்தாள். "செரியாத்தான் இருக்கு" என்றாள் ஜாஸ்மி. பிறகு, "184-ஆ பாடினிய?" என்றாள்.

"ஆமா மக்கா."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். போனை வைத்ததும் மீன்குழம்பில் புளியை இரண்டு தடவை கரைத்து ஊற்றிவிட்டாள். சுந்தர்சிங், "என்னட்டி, வாயைக் கோணவைக்குது" என்றார். ஆனாலும் தட்டைக் காலி செய்துவிட்டு மரச்சீனி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

அடுத்த ஞாயிறு சரியாகச் சொன்னார். அதற்கடுத்தது 136, 225. விடை 30,600. அவர் சொன்னது 30,060. டைட்டஸ் "அதே" என்று சொல்வதற்கு இந்த முறை ரொம்ப நேரம் பிடித்தது. நேசம்மாள் வீட்டுக்கு வந்து தேங்காய் துருவி முடிப்பதற்குள் 167-ஐயும் 180-ஐயும் பிடித்துவிட்டாள். ஜாஸ்மி போட்டுப் பார்த்து, "செரிதான்" என்றாள். பிறகு, "அம்மா, ஊர்ல யாராவது செத்தாவளா?" என்றாள்.

"இல்லியே. எதுக்கு கேக்க?"

"சும்மாதான்."

ஆகஸ்ட் முதல் வாரம் மழை ஒதுங்கியது. வெட்டுத் தொடங்கிற்று. சுந்தர்சிங் வெட்ட, நேசம்மாள் பால் எடுத்து வந்து ஆசிட்டைத் தன் கையாலேயே ஊற்றினாள். பாட்டிலைச் சாப்பாட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். உறைந்த ரப்பர் ஷீட்டை ரோலரில் கொடுத்து அவர் சுற்ற, மறுபக்கம் அவள் பிடித்து இழுத்துக் கொடியில் போட்டாள். முற்றமெல்லாம் வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி ஆயிற்று. பழைய மாதிரியே இருந்தது. அவர் ஒரு மரத்தை இரண்டு தடவை வெட்டுவதையும் ஒரு வரிசையை விட்டுவிடுவதையும் தவிர.

அந்த ஞாயிறு பலகையை நேசம்மாளே இரண்டு தடவை பார்த்தாள். 217, 143.

பெருக்கல்காரர்களுக்கு இப்படி ஒரு ஜோடி ஆயுசில் ஒருதடவை வாய்க்கும். 143-ஐ ஏழால் பெருக்கினால் 1,001. அதனால் 143-க்குப் பக்கத்தில் ஏழுக்குப் போகிற ஒரு எண் வராதா என்று சுந்தர்சிங் எத்தனையோ வருஷமாகச் செல்வனிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். பாட்டைத் தெரிந்தெடுப்பது போதகர், தான் இல்லை என்று அவன் சொல்லிவிட்டான். இதோ வந்துவிட்டது. 217-இல் முப்பத்தொரு ஏழு. முப்பத்தொண்ணை ஆயிரத்தொண்ணால் பெருக்க ஒரு வேலையுமில்லை. முப்பத்தொண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடவை வைக்க வேண்டும். 31,031.

மூன்றாம் பெஞ்சில் அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தாள். சிரிக்கிறார். கண்டுகொண்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது; பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டாள்.

மரத்தடியில் அவர் டைட்டஸின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"வேய் டைட்டஸு, கண்டீரா? ஆயிரத்தொண்ணு. நாப்பது வருஷம்வே. செத்துப் போறதுக்குள்ள வருமா வராதாண்ணு கிடந்தேன்."

"கண்டேன் கண்டேன். சொல்லும்."

"31,013."

மரத்திலிருந்து ஒரு அயனிப் பழம் விழுந்தது. டைட்டஸ் அதைக் குனிந்து எடுத்தார். நிமிர்வதற்கு வயசாளிக்கு வேண்டியதைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்.

"அதே" என்றார்.

நேசம்மாள் அன்றைக்கு முதலில் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. எண்ணைத்தான் எடுத்தாள். 31,013. இரண்டுக்கு இல்லை. மூணுக்கு இல்லை. அஞ்சுக்கு இல்லை. ஏழுக்கு மூணு மிச்சம். பதினொண்ணுக்கு நாலு மிச்சம். மரச்சீனி உலையில் ஏறியபோது பத்தொன்பதில் நின்றாள். தண்ணீர் கொதித்தபோது நாற்பத்தேழு. காந்தாரி மிளகாயும் உள்ளியும் அம்மியில் சதைத்தபோது எண்பத்தொன்பது. அதிலும் நாற்பத்தொண்ணு மிச்சம். மரச்சீனி வெந்து வெடித்தபோது நூற்றுமுப்பத்தேழு. பிள்ளைகள் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கூட்டிக் குறைத்துப் பார்த்தும் பங்கு ஒக்காத சக்கை மாதிரி அந்த எண் முழுசாக உட்கார்ந்திருந்தது. கிழங்கை வடித்துத் தட்டில் போடும்போது நூற்றெழுபத்துமூணையும் பார்த்துவிட்டாள். நாற்பத்தாறு மிச்சம். அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை; மேலே ஒன்று இருந்தால் அதன் ஜோடி கீழேயே சிக்கியிருக்கும். இது எதற்கும் பிரியாது. இந்த உலகத்தில் எந்த இரண்டு பாட்டும் இந்த விடையைத் தராது.

மணி ஒன்றுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. சுந்தர்சிங் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, மிளகாயைத் தொட்டுக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோளுகிட்ட ஆயிரத்தொண்ணு விஷயத்தைச் சொல்லு கேட்டியா. அவளுக்கு மனசிலாவும்."

"சொல்லுதேன்."

சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவுசெய்தாள். பொய்யை ஒரு பானையில் எத்தனை நாள் மூடிவைப்பது? போன் அடித்தது.

"மோளே, இண்ணைக்கு..."

"அம்மா, நம்பர் வேண்டாம்." ஜாஸ்மியின் குரல் அழுது முடித்த குரலாக இருந்தது. "அப்பா கணக்கு செரியாத்தான் இருக்கும். எனக்குத் தெரியும். அதைப் பத்தியில்ல. நான் ஒண்ணு சொன்னா நீ பயப்படப்படாது."

"சொல்லு."

"எனக்கு ஞாயித்துக்கிழமையும் டூட்டி, கோயிலுக்குப் போவ முடியாதுல்லா. நீ நம்பர் சொன்னதும் நான் இஞ்ச புத்தகத்தை எடுத்துவச்சு அந்த ரெண்டு பாட்டையும் தனியா இருந்து பாடுவேன். ஊர்ல இருக்கமாதிரி இருக்கும். ஜூலைல நீ 184-ண்ணு சொன்ன. எடுத்துப் பாத்தா கிறிஸ்துமஸ் பாட்டு. மழைக்காலத்துல எவனாவது கிறிஸ்துமஸ் பாட்டு பாடுவானாம்மா? பின்ன 167. அது அடக்கத்துக்குப் பாடுதது. யாரும் சாவல்லண்ணும் சொன்ன. நான் செல்வன் அண்ணனுக்கு விளிச்சுக் கேட்டேன். அந்தப் பாட்டு ஒண்ணுமே பாடல்லண்ணு சொன்னாரு."

நேசம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அது எண்ணாக மட்டுமே அவள் கையில் வந்தது. பாட்டாக வரவே இல்லை. அறுபது வருஷமாக டிசம்பரில் பாடுகிற பாட்டு.

"நான் அப்பாவை நினைச்சே பயந்தேன்" என்றாள் ஜாஸ்மி. "உன்னைக் கவனிக்கல்ல. உனக்குத்தான் மறக்குது அம்மா. எண்ணைக்கோ பாடின பாட்டையும் அண்ணைக்கு அப்பா சொன்ன விடையையும் இண்ணைக்குள்ளதுண்ணு சொல்லுத. எங்க ஆஸ்பத்திரியில நல்ல டாக்டர் இருக்காவ. வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டேன், ரெண்டு பேருக்கும். அப்பாகிட்டே குடு, நான் சொல்லுதேன்."

"இரு. நான் சொல்லுதேன்."

போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவள் நின்றாள். 'நான் மறக்கல்ல, உங்கப்பாதான்' என்று ஒரு வரி சொன்னால் போதும். 29,624-ஐ அந்த நிமிஷமே பிரித்துக் காட்டலாம். கிழவர் மிளகாயின் காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆயிரத்தொண்ணு விஷயத்துக்கு மகள் என்ன சொன்னாள் என்று கேட்க நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்கிற நாள் முகம்.

"என்ன சொல்லுதா?"

"உங்க கணக்கு செரியாம்."

"பின்னே?"

"எனக்குத்தான் கொஞ்ச நாளா மறக்குது. பாட்டு மாத்திச் சொல்லிருக்கேன். டாக்டர்ட்ட காட்டணுமாம். வியாழக்கிழமை வரச் சொல்லுதா."

அவர் தட்டை நகர்த்திவைத்தார். கையைக் கழுவாமலே எழுந்து வந்தார். அவள் முகத்தைப் பக்கத்தில் வந்து பார்த்தார், மரத்தில் பட்டை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கிற மாதிரி.

"ஏட்டி, எங்கிட்ட சொல்லலியே நீ."

"என்னண்ணு சொல்லுவேன்."

"ஆசிட் குப்பியை அரிசிப்பானைக்குப் பின்னால கண்டேன். அண்ணைக்கே எனக்கு ஒரு சந்தேகம்." அவர் குரல் இறங்கிற்று. "செரி. பயப்படாத. நான் வாறேன் கூட. தோத்துட்டு வரல்ல, அது வேற. உனக்குத் துணைக்கு வாறேன். மோளுகிட்டே அப்பிடியே சொல்லு."

அவள் அப்படியே சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு டாக்டரிடம் அவரையும் ஒருதடவை பார்க்கச் சொல்ல வேண்டும் என்று மட்டும், அவர் கைகழுவப் போன நேரத்தில், தணிந்த குரலில் சேர்த்தாள். ஜாஸ்மி மெதுவாக, "அம்மா" என்றாள். நேசம்மாள் போனை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் டைட்டஸ் வந்தார். மரத்தைத் தன் மகன் வெட்டிக்கொள்வான் என்றார். ஷீட்டைப் புகைக்கூட்டில் போடுவதைப் பற்றிப் பேசினார். சுந்தர்சிங் உள்ளே போய்ப் பெட்டியில் எதையோ அடுக்கி, அடுக்கியதைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்.

"மயினி," என்றார் டைட்டஸ், கொடியில் காயும் ஷீட்டைத் தொட்டுப் பார்த்தபடி. "அவன் சொல்லுதான், ஒங்களுக்கு மறதியாம்."

"ஆமா அண்ணே."

"முப்பத்தோராயிரத்து எவ்வளவு மயினி?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, "முப்பத்தொண்ணு" என்றாள்.

டைட்டஸ் தலையை ஆட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டார். "எத்தனை வருஷமா?" என்றார்.

"கல்யாணம் கழிஞ்ச மூணாம் ஞாயிறு முதல்."

"அப்பம் மூணு பேரா இருந்திருக்கோம்" என்றார் அவர். "சொல்லிருந்தா சாயா வாங்கித் தந்திருப்பேன்." படி இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை குழித்துறை ஸ்டேஷனில் நல்ல கூட்டம். பாதிப்பேர் கையில் வாழைத்தார், பாதிப்பேர் கையில் பிள்ளை. சுந்தர்சிங் வெள்ளை வேட்டி கட்டி, ஒரு கையில் பெட்டியும் மறுகையில் நேசம்மாளின் மணிக்கட்டுமாக நடந்தார்.

"கையை விட்டுராத. கூட்டத்துல உனக்கு வழி தெற்றும்."

"விடமாட்டேன்."

டிக்கெட் அவள் பையில் இருந்தது. அவர்களுடைய ரயில்பெட்டி பின்னால் வந்து நிற்கும் என்று போர்ட்டர் அவளிடம் சொல்லியிருந்தான். அவர் முன்பக்கமாக வேகமாகப் போனார். அவள் நடையைக் குறைத்தாள்.

"என்ன, கால் வலிக்கா?"

"ம்."

"மெல்ல வா. அவசரமில்ல."

ஒரு தூணைச் சுற்றி வரும்போது அவள் லேசாகச் சாய்ந்தாள். அவர் அவளைத் தாங்கித் திரும்பினார். திரும்பிய பக்கமாகவே நடந்தார்கள். தண்ணீர்க் குழாயைத் தாண்டி, வாழைத்தார்களைத் தாண்டி, பிளாட்பாரத்தின் பின்முனை வரைக்கும் அவர் அவளை நடத்திக்கொண்டு போனார். அங்கே அவள் நின்றாள். அவரும் நின்றார். வண்டி வந்து, மூச்சுவிட்டு, அவர்களுடைய பெட்டியின் வாசலைச் சரியாக அவர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

"கண்டியா?" என்றார் சுந்தர்சிங். "கொண்டு வந்து நிறுத்தினேன்."

"ஆமா," என்றாள் நேசம்மாள், அவர் கையைப் பிடித்துப் படியில் ஏறினாள்.